ஸ்க்ரூ டிரைவர்ல கேட்ட பேச்சு

பேய், காத்து, கருப்பு, இந்தச் சமாச்சாரம் எதுலயும் எனக்கு நம்பிக்கை கெடையாதுங்க. பல்லடத்துல டூ வீலர் ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கறவன் நான். வண்டி நின்னுபோச்சுன்னா ஒண்ணு பெட்ரோல் வரல, இல்லீன்னா கரன்ட் வரல, மூணாவதா ஒரு காரணம் இருக்குன்னு எவனாவது சொன்னா மூஞ்சிக்கு நேரா சிரிச்சிருவேன். இப்ப நீங்க என்னையப் பாத்துச் சிரிப்பீங்க, சிரிச்சுக்குங்க, முழுசாக் கேட்டுட்டுச் சிரிங்க.

என் தங்கச்சி கவிதாவைச் சாமளாபுரத்துல குடுத்திருக்குதுங்க. மாப்பிள்ளை தனபாலு நிட்டிங் மிசின் ஃபிட்டரு. கெட்டிக்காரரு, ஆனா ஒரு கிறுக்கு உண்டு. ரெண்டாயிரத்து அஞ்சு, ஆறு வாக்குல இருக்கும், தறியெல்லாம் வித்துப்போட்டுக் காலியாக் கெடந்த குடோனுக்குள்ள மனுசன் சொந்தமா ஒரு ஏரோப்ளேன் கட்டிட்டிருந்தாரு. பொம்மை இல்லீங்க, ஒரு ஆள் உக்காந்து போறது. அலுமினியக் குழாய், பழைய கார் என்ஜின், மரத்துல செதுக்குன காத்தாடி. றெக்கைக்குத் துணி தெச்சது என் தங்கச்சிதான், பனியன் கம்பெனில ஓவர்லாக் ஓட்டற புள்ளை, ஒரு சுருக்கம் இல்லாம தெச்சு மாட்டியிருந்துச்சு. பர்மிசன் கிர்மிசன் ஒண்ணும் கெடையாது. கேட்டா, ஒரு பனைமர ஒசரம் எந்திரிச்சு எறங்கறதுக்கு எதுக்கு மச்சான் பர்மிசன்னு என்னையவே கேப்பாரு.

என் வேலை கார்பரேட்டரு. கார்ல ஓடுன என்ஜின்னு அப்படியே தூக்கி மாட்ட முடியாதுங்க, காத்தாடி இழுக்கற இழுவைக்குத் தகுந்த மாதிரி காத்தையும் பெட்ரோலையும் கலந்து விடணும். காத்து கூடுனா சூடேறி ஜாமாயிரும், பெட்ரோல் கூடுனா கரும்புகை விட்டுட்டு நின்னுபோகும். ரோட்டுல நின்னா தள்ளிட்டு வரலாம், மேல நின்னா என்ன பண்றது? எனக்கு அந்த நெனப்புலயே சோறு எறங்கல. ஸ்க்ரூவைத் துளித் துளியாத் திருகி, ஓட்டி, ப்ளக்கைக் கழட்டிப் பாத்து, மறுபடி திருகி, கடைசில ப்ளக்கு நல்ல செங்கல் நிறத்துக்கு வந்துருச்சு. அப்படி வந்தா கலவை சரீன்னு அர்த்தம்.

என்ஜினை ஓட்டிப் பாக்கறப்ப ப்ளேனு ஓடிராம இருக்க வால்ல கயிறு போட்டு முளைக்குச்சில கட்டிருவோம். அதுக்கு மாப்பிள்ளை ஒரு சட்டம் வெச்சிருந்தாரு. கட்டுனவன்தான் அவுக்கணும், அவுத்ததும் 'அவுத்துட்டேன்'னு வாயால சொல்லணும், அதைக் கேட்டாத்தான் அவரு கெளப்புவாரு. சீட்டுல உக்காந்தா பின்னாடி ஒண்ணும் தெரியாது பாருங்க, அதுக்குத்தான்.

மறுநா காலைல ஓட்டறதுன்னு முடிவாயிருச்சு. மொத நா மத்தியானம், நல்ல வெயில், என்ஜினை ஓடவிட்டுக் கடைசியா ஒருக்காப் பாத்தனுங்க. எங்க தொழில்ல ஒரு பழக்கம், நீளமான ஸ்க்ரூ டிரைவரோட முனையை என்ஜின் மேல வெச்சுட்டு, கைப்பிடியைக் காதுல ஒட்ட வெச்சுக் கேப்போம். உள்ள என்ன சத்தம் வந்தாலும் துல்லியமாக் கேக்கும். நானும் கார்பரேட்டர் மேல முனையை வெச்சுக் காதைக் குடுத்தேன்.

நம்புனா நம்புங்க, என்ஜின் நின்னுபோச்சு. காதுக்குள்ள மட்டும்தான். கண்ணு முன்னால காத்தாடி சுத்துது, தூசி பறக்குது, காதுல மட்டும் பொட்டுச் சத்தம் இல்ல. அப்புறம் காத்து வீசற சத்தம். அதுக்குள்ள மாப்பிள்ளை குரலு, "மச்சான், கயித்த அவுத்துட்டீங்களா?" அவரு எனக்கு எதுத்தாப்புல பீடியை வாயில வெச்சுட்டு நிக்கறாருங்க, ஒதடு அசையல. அதுக்குப் பதில் ஒரு குரலு, "அவுத்துட்டேன் மாப்ள." அது என் குரலு. அப்புறம் என்ஜின் மறுபடி கெளம்பி, தூரமாப் போயி, நின்னுச்சு. கடைசியா என் தங்கச்சி, "அண்ணா"ன்னு ஒரே ஒரு வார்த்தை. அந்த மாதிரி அது கூப்பிட்டு நான் கேட்டதே இல்லீங்க. அந்தச் சத்தத்தை எனக்குச் சொல்லத் தெரியல.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன், என்ஜின் பாட்டுக்கு ஓடுது. மறுபடி வெச்சேன், வெறும் என்ஜின் சத்தம்தான். கார்பரேட்டரை முழுசாப் பிரிச்சுக் கழுவி, பெட்ரோல் வர்ற ஜெட் ஓட்டையை ஊதிப் பாத்து, மாட்டுனேன். ஒரு குத்தமும் இல்ல. மாப்பிள்ளைகிட்டச் சொன்னா கேலி பண்ணுவாரு. அதனால தங்கச்சியைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னனுங்க. அது நூலைப் பல்லுல கடிச்சு அறுத்துட்டே யோசிச்சுது.

"ஏனுங்கண்ணா, என்ஜின் சரியில்லீன்னு நீங்க சொன்னா இப்பவே அவரைப் போயி நிறுத்தறேன். ஸ்க்ரூ டிரைவர்ல பேச்சுக் கேட்டுச்சுன்னு நான் எப்படீங்க சொல்லட்டும்?"

என்ஜின் நல்லா இருக்குதே, நான் என்னன்னு பொய் சொல்றது? எந்திரிச்சு வந்துட்டேன்.

விடியக்காலம், காத்து கெளம்பறதுக்கு முந்தி, தங்கச்சியும் சேந்து மூணு பேருமா ப்ளேனை டெம்போவுல ஏத்திக் கொண்டுபோயி தாராபுரம் ரோட்டுப் பக்கம் ஒரு கொறங்காட்டுல எறக்குனோம். ஆடு மேயற வெட்டவெளி. அந்தக் கடைசில ஒரு பாறைக்குழி, கல்லு வெட்டி வெட்டி ஆழமாக் கெடக்கு. கயிறு கட்டுனேன். மாப்பிள்ளை உக்காந்து முழு வேகத்துல முறுக்கிப் பாத்தாரு, அருமையா ஓடுச்சு. வேகத்தைக் கொறச்சுட்டு, கயித்த அவுத்துருங்கன்னு கையைக் காட்டுனாரு. நான் முளைக்குச்சிகிட்டக் குனிஞ்சேன். முடிச்சுல கை வெச்சேன்.

அப்ப என்ஜின் தானா நின்னுச்சுங்க.

காத்து வீசுது. மாப்பிள்ளை திரும்பல, முன்னாடியே பாத்துட்டுக் கேக்கறாரு.

"மச்சான், கயித்த அவுத்துட்டீங்களா?"

அதே குரலு, அதே இழுவை. என் நாக்கு நுனில பதில் வந்து நிக்குதுங்க, கயிறு கட்டுனபடியே இருக்குது, இருந்தும் 'அவுத்துட்டேன்'னு சொல்ல வாய் தானாத் தொறக்குது. சொல்லிட்டா அவரு கெளப்பிருவாரு, முளைக்குச்சியைப் புடுங்கி இழுத்துட்டு ப்ளேனு நேரா அந்தப் பாறைக்குழிக்குத்தான். ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டு அப்படியே தரையில உக்காந்துட்டேன். தங்கச்சி என்னையப் பாத்துச்சு. ஓடிப்போயி அவரு கையைப் புடிச்சு எறக்கிருச்சு. அவருக்கு வந்த கோவத்துக்கு என்னைய அடிக்காம விட்டதே பெருசு. அதுக்குள்ள காத்தும் ஏறிருச்சு, மூட்டையைக் கட்டிட்டு ஊடு வந்து சேந்தோம். எதுக்கு என்ஜின் நின்னுச்சுன்னு பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தேன், இன்னைக்கு வரைக்கும் தெரியல.

அதுக்கப்புறம் நான் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லீங்க. நட்டைக் கூட 'கழட்டிட்டேன்'னுதான் சொல்வேன். ப்ளேனும் குடோனுலயே கெடந்துச்சு.

போன மாசம் மாப்பிள்ளை அதை மறுபடி தூசி தட்டி வெச்சிருக்காருன்னு கேள்விப்பட்டேன். போன வாரம் காப்பி குடுக்கறப்ப என் சம்சாரம் கேக்குது, ஏனுங்க, தூக்கத்துல 'அவுத்துட்டேன் மாப்ள, அவுத்துட்டேன் மாப்ள'ன்னு யாருகிட்டப் பேசிட்டிருந்தீங்கன்னு.

அன்னைல இருந்து தங்கச்சி நம்பர்ல போன் வந்தா நான் எடுக்கறதில்லீங்க, சம்சாரம் கையில குடுத்துர்றேன். எடுத்ததும் அது 'அண்ணா'ன்னுதானுங்களே ஆரம்பிக்கும்.