உடைவாள் புறப்பட்ட காலை

பத்மநாபபுரம் அரண்மனையைச் சுற்றிக் காட்டுவது என் வேலை. திருவிதாங்கூர் ராஜாக்கள் இங்கிருந்து ஆண்டது, பிறகு தலைநகரத்தைத் திருவனந்தபுரத்துக்கு மாற்றியது, மண் தமிழ்நாட்டில் இருந்தாலும் நிர்வாகம் கேரளத்தின் கையில் இருப்பது எல்லாம் எனக்கு மனப்பாடம். நவராத்திரிக்கு முன்னால் ராஜாவின் உடைவாள் உப்பரிகை மாளிகையிலிருந்து இறங்கும். சரசுவதி அம்மன் யானைமேல் வர, ஊர்வலம் திருவனந்தபுரத்துக்குப் புறப்படும் என்றும் சொல்வேன்.

அந்த மாளிகையைத் துடைக்கிறவள் தக்கலைப் பக்கத்து அக்கா ஒருத்தி. நெற்றியில் ஒற்றை வெள்ளை நாமம், சிலை வைத்துக் கும்பிடாத அய்யாவழிக் குடும்பம். பதினெட்டு வருஷமாக அந்தக் கறுப்புத் தரையில் முகம் தெரிகிற மாதிரி துடைத்துவந்தாள். வாள் இறங்கும் நாளில் மட்டும் அவளைக் கீழே, வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துக்கொள்ள நிறுத்திவிடுவார்கள். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. அவளும் யாரிடமும் கேட்டதில்லை.

அந்த வருஷம் வாள் இறங்குவதற்கு முந்தின நாள், படிக்கட்டைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"நமக்கு வாளக் கும்பிடுற வழக்கமில்ல மக்கா. ஆனா எனக்க ரூமிலேருந்து என்னத்த எடுத்துட்டுப் போறாவன்னு ஒருக்கா காணணும்."

நான் சர்ச்சுக்குப் போகிறவள். எனக்கும் அது கும்பிடுகிற காரியமில்லை. ஆனால் வருஷாவருஷம் கிட்டே நின்று பார்த்திருக்கிறேன். அவளைக் கூப்பிட இத்தனை நாள் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. மேலதிகாரியிடம் போய், நாளைக்குச் செருப்பு நான் பார்க்கிறேன், அவள் மேலே நிற்கட்டும் என்றேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

மறுநாள் அவள் இஸ்திரி போட்ட சேலையில் வந்தாள். நான் செருப்புக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்தேன். உள்ளே மேளம் கேட்டது. போலீஸ்காரர்கள் விறைத்து நின்று மரியாதை செலுத்தினார்கள். ஊர்வலம் நகர்ந்த பிறகும் அவளைக் காணோம். கூட்டம் கலைந்தபின் மெதுவாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பார்த்தாயா என்று கேட்டேன்.

"பட்டுத்துணிதான் கண்டேன். வாளு அதுக்குள்ள இருக்கு. ஆனா மந்திரிமாரு, பெரிய ஆபீசருமாரு எல்லாரும் செருப்பில்லாம எனக்க தரையில நின்னாவ. ஒருத்தரு குனிஞ்சு தரையத் தொட்டுப் பாத்தாரு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மத்தியானம் சேர்ந்து சாப்பிட்டோம். வாளியோடு கடந்துபோகிறபோது பயணிகளிடம் நான் பேசுவதைத் துண்டு துண்டாகத்தான் கேட்டிருப்பதாகவும், முதலிலிருந்து சொல்லும்படியும் கேட்டாள். சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "ராஜாமாரு திருவனந்தபுரம் போன பொறவு இந்த வீட்டத் துடச்சது ஆரு?" என்றாள்.

எந்தப் பயணியும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. தெரியாது என்றேன். விசாரித்துச் சொல்லு என்றுவிட்டு, தன் டப்பாவிலிருந்த மீன் துண்டை என் சோற்றில் வைத்தாள்.