அண்ணனின் வேனும் வெள்ளிக்கிழமைச் சந்தனமும்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடு என்று உறவினர்கள் கேட்டார்கள். பேனாவை எடுத்தால் எனக்கு அந்த வேன்தான் நினைவுக்கு வருகிறது, கூடவே எரிச்சலும் வருகிறது. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது மங்கலத்தில். தகப்பனார் சீக்கிரமே போய்விட, படிப்பை விட்டுத் தறிக்குப் போனார். என் கல்யாணத்தை முடிக்காமல் தன் கல்யாணப் பேச்சையே எடுக்கவிடவில்லை. ஒருவரையும் கடிந்து பேசியதில்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தறித்துணியைத் திருப்பூருக்கு ஏற்றிப்போக அவர் வாங்கிய பழைய வேனும் தெரியும். ஊர் ஊராகப் போய்த் தங்கி வைத்தியம் பார்த்தவர்கள் கழித்துவிட்ட வண்டி. உள்ளே கட்டில், ஸ்டவ் வைக்க மேடை, ஜன்னலுக்குத் திரை. துணிமூட்டைகள் கட்டிலில் சொகுசாகப் படுத்துப் போயின.

அந்தச் சனியன் நினைத்தால் எடுக்கும், நினைத்தால் எடுக்காது. விளக்கு எரியும், ஹாரன் அலறும். சாவியைத் திருகினால் மட்டும் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். திருப்பூரில் காதர்பேட்டைக் கடைவீதி நடுவில் நின்று, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் அண்ணனுக்குத் திட்டு வாங்கிக் கொடுத்தது. வண்டியைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டாரை மாற்றினார். சுவிட்சை மாற்றினார். பேட்டரியையே மாற்றினார். எலக்ட்ரீஷியன் கடையில் பேட்டரி ஒயரைக் கழற்றித் துடைத்து மாட்டியதும் நல்ல பிள்ளையாக எடுக்கும். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை என்று அனுப்பிவிடுவார்கள். அடுத்த வாரம் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். தறிக்காரர்கள் பாவம், தறியை நிறுத்திவிட்டு வந்து தள்ளுவார்கள். விற்றுத் தொலையுங்கள் என்று அம்மாவும் நானும் கத்தாத நாளில்லை. அண்ணன் சிரித்துக்கொண்டே பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொள்வார்.

தலைப்பிரசவத்துக்கு நான் தாய்வீடு வந்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வலி எடுத்தது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே திருப்பூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்றார் மருத்துவச்சி. வேன் கட்டிலில் என்னைப் படுக்க வைத்தார்கள். அண்ணன் சாவியைத் திருகினார். டக். மறுபடியும் டக். தள்ளச் சொல்லலாம் என்றால் தறிக்காரர்கள் எல்லாரும் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போயிருந்தார்கள். எனக்கு வலியைவிட ஆத்திரம்தான் அதிகமாக இருந்தது. அம்மா வேனையும் அண்ணனையும் சேர்த்துத் திட்டித் தீர்த்தார்.

அண்ணன் பானெட்டைத் திறந்து, பேட்டரி மேல் கைவைத்துச் சாமியைக் கூப்பிட்டார். கூப்பிட்ட வேகத்தில் கையை உதறினார். பேட்டரியின் ஒரு முனை கொதித்தது, மற்றது சில்லென்று இருந்தது. கொதித்த முனையின் ஒயரைப் பிடுங்கினார். ஒயர் கவ்வுகிற இடம் முழுக்கக் காய்ந்த சந்தனம்.

வெள்ளிக்கிழமை வண்டியைக் கழுவி, ஊரில் எல்லோரும் முன்கண்ணாடிக்கும் ஸ்டியரிங்குக்கும் பொட்டு வைப்பார்கள். எங்கள் அண்ணன், சிவப்பு ஒயர்தான் வண்டிக்கு உயிர் என்று, வாராவாரம் அதைக் கழற்றி, அந்த முனைக்கும் சந்தனம் பூசி, அதன்மேல் ஒயரை மாட்டியிருக்கிறார்! அது காய்ந்தால் விளக்குக்கு மட்டும் கரண்ட் போகும், அத்தனை கரண்ட் கேட்கும் செல்ஃப் மோட்டாருக்கு எங்கே போகும்? கத்தியால் சுரண்டி, வேட்டி முனையால் துடைத்து மாட்டினார். வண்டி கிளம்பியது.

வலியோடு வலியாக நான் கேட்டேன்:

“ஏனுங்கண்ணா, பேட்டரிக்குப் பொட்டு வெக்கச் சொல்லி எந்தச் சாமிங்க கேட்டுச்சு?”

அவர் திரும்பவில்லை. “உனக்கு நல்லபடியா ஆகோணும்னுதான் கண்ணு, இன்னைக்குக் கொஞ்சம் கெட்டியா வெச்சேன்.”

இப்படி ஒரு மனிதரிடம் எப்படித்தான் கோபித்துக்கொள்வது, நீங்களே சொல்லுங்கள்.

ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். மாமன் எங்கே என்று இன்னும் கேட்கிறாள்.

மஞ்சள் காமாலையில் அண்ணன் கோவை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முறைவைத்துத் துணையிருந்த மங்கலத்துத் தறிக்காரச் சகோதரர்களுக்கும், தினமும் ஆளனுப்பி விசாரித்த காதர்பேட்டை வியாபாரிகளுக்கும், எல்லாம் முடிந்த பிறகு அவரை வீட்டுக்குக் கொண்டுவர வேன் பிடித்துக் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அந்த வேனில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். டிரைவர் சாவியில் கைவைத்தபோது, எடுக்கக் கூடாது சாமி, எடுக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன். தொட்டதும் எடுத்துவிட்டது.