திருத்தி வெளியிட்ட வெயில்

வெயிலை அளப்பது என் வேலை என்று சொன்னபோது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒருவரும் நம்பவில்லை. "கொழுந்து நிறுக்கிறாங்க, மழைய அளக்கிறாங்க, சரி. வெயில எப்புடிப் புள்ள அளப்ப? படங்குச் சாக்க விரிச்சி அள்ளுவியா?" என்று காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்திலேயே கேட்டுச் சிரித்தார்கள். எனக்கு அப்போது மூக்கு நுனியில் கோபம். "அள்ளத்தான் போறேன், சாக்கு இருந்தா குடுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அக்கரப்பத்தனைக்கு மேலே, தோட்டங்களுக்கு நடுவில், தேயிலை ஆராய்ச்சிக்கென்று ஒரு சின்ன நிலையம் இருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு நான் அங்கே உதவியாளராகச் சேர்ந்தேன். புல்தரையின் நடுவே ஒரு சிமெந்துத் தூண். தூணின்மேல் பித்தளைக் கிண்ணம். கிண்ணத்துக்குள் சின்னத் தேங்காய் அளவில் ஒரு கெட்டிக் கண்ணாடி உருண்டை. அதன் பின்னால் தினமும் ஒரு நீல அட்டையைச் செருகி வைப்பேன். வெயில் அடித்தால் உருண்டை அதைக் குவித்து அட்டையில் ஒரு கோடு கருக்கும். மேகம் மறைத்தால் கோடு அறுந்துபோகும். மாலையில் கருகிய நீளத்தை அளந்தால் அன்றைக்கு எத்தனை மணி நேரம் வெயில் என்று தெரியும். இவ்வளவுதான் வித்தை.

இந்த அளவு வேடிக்கைக்காக எடுக்கப்படவில்லை. வெயில் குறைந்து ஈரம் நின்றால் தேயிலைத் தளிரில் கொப்புள நோய் வரும். சில நாட்களின் சராசரி வெயில் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால், தோட்டங்கள் செம்பு மருந்து அடிக்க வேண்டும். வாரம் ஒருமுறை எங்கள் அதிகாரி கையெழுத்திட்டதும் நான் தொலைபேசியில் தோட்டத்து ஆபீஸ்களுக்கு, டயகம தோட்டம் வரைக்கும், அந்த அளவைச் சொல்வேன். வாசலில் இருந்த கரும்பலகையிலும் எழுதுவேன். மறுநாள் பெரட்டில் மருந்தடிக்க ஆள் பிரிப்பார்கள்.

என் அண்ணன் எங்கள் தோட்டத்து மருந்துக்காரர்களில் ஒருவர். முதுகில் தகர டாங்கி, கையில் பம்பு. சரிவில் எந்தப் பக்கம் நின்று அடித்தாலும் காற்று திருப்பிக் கொண்டுவந்து முகத்தில்தான் விடும். சட்டை, புருவம், நகக்கண் எல்லாம் பச்சை பிடித்திருக்கும். ஆனாலும் அந்த வேலையை அவர் கேட்டு வாங்கியிருந்தார். மருந்து அடிக்கிறவர்களுக்கு மதியத்தோடு வேலை முடிந்துவிடும், முழுப் பேரும், அதாவது முழு நாள் கூலியும், விழும். மிச்ச நேரத்தில் லயத்துக்குப் பின்னால் மரக்கறி போட்டார். மாவுக்கும் அரிசிக்கும் ஊரே அடிபட்ட அந்தக் காலத்தில், எங்கள் வீட்டில் யாரும் பட்டினியால் சாகாமல் இருந்ததற்கு அந்தத் துண்டு நிலம்தான் காரணம்.

உருண்டை கெட்டுப்போனது ஓர் ஆயுத பூசையில். நாங்கள் வேதக்கார வீடு, கிறிஸ்தவர்கள். பூசைக்கு நான் நிற்கவில்லை. கடலையும் அவலும் மட்டும் தவறாமல் என் மேசைக்கு வந்தன. நிலையத்துக் காவல்காரர் வருடா வருடம் மம்பட்டி, கத்தி, மழைமானி எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைப்பார். அந்த வருடம், இந்த நிலையத்துக்கே பெரிய சாமி அந்தக் கண்ணாடிதான் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பித்தளைக் கிண்ணத்தைப் புளி போட்டு விளக்கினார். அதோடு விட்டிருக்கலாம். உருண்டையையும் அடுப்புச் சாம்பல் தொட்டு, தேங்காய் நாரால், பானை தேய்ப்பதைப்போலத் தேய்த்துவிட்டார். தண்ணீர் ஊற்றியபோது பளபளத்தது. சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டார்கள். காய்ந்த பிறகு பார்த்தால் கண்ணாடி முழுக்க மெல்லிய கீறல், பனி படிந்த சன்னல்போல.

"சுத்தமா இருக்கணும்னுதாங்கய்யா தேச்சேன்" என்று காவல்காரர் அழுதார். அதிகாரி திட்டவில்லை. உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்றிலிருந்து அட்டையில் காலை வெயிலும் மாலை வெயிலும் விழவே இல்லை. உச்சி வெயில் மட்டும் கருக்கியது. மெல்லிய மேகம் ஓடினால் அதுவும் இல்லை. புது உருண்டை கேட்டு அதிகாரி மேலிடத்துக்கு எழுதினார். வெளிநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வராத காலம் அது. பொறுத்திருக்கச் சொல்லிப் பதில் வந்தது. மறுபடி எழுதினார். மறுபடியும் அதே பதில்.

அடுத்த மழைக்காலத்தில் அளவு எல்லைக்குக் கீழேயே கிடந்தது. மருந்து, மருந்து, மருந்து. அண்ணன் பிடரி கறுக்க வீட்டுக்கு வந்து, "காலையில இருந்து சுள்ளுன்னு வெயிலு புள்ள. எலையெல்லாம் காஞ்சி கெடக்கு. எதுக்கு இந்த மருந்துன்னு கங்காணிக்கே வெளங்கல" என்பார். பிறகு இருமுவார். அண்ணி சாம்பல் போட்ட சிரட்டையை நீட்டுவார். அதில் விழும் கோழை பச்சையாக இருந்தது.

அதைப் பார்த்த மறுநாள் அதிகாரியின் மேசை முன்னால் போய் நின்றேன். கண்டியில் படித்துவிட்டு வந்த தமிழர் அவர். யாரையும் ஒருமையில் கூப்பிடாதவர்.

"ஐயா, அட்டை கொறைச்சிக் காட்டுதுன்னு ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு மணி நேரம் கூட்டிப் போடுங்க."

"எவ்வளவு குறைச்சிக் காட்டுதுன்னு தெரியுமா, மிஸ்?"

"ஒரு மணி நேரமாவது இருக்கும்."

"இருக்கும்னா? நல்ல கண்ணாடி ஒண்ணைப் பக்கத்துல வச்சுப் பார்க்காம எப்படிச் சொல்றது? நாம கூட்டிப் போட்டு, நிஜமாவே நோய் வந்தா, கொழுந்து போயிடும். கொழுந்து இல்லாட்டி உங்க லயத்துப் பொம்பளைங்களுக்குப் பேர் ஏது? இந்த வருஷம் பேர் இல்லாட்டி என்ன ஆகும்னு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. சவப்பெட்டிக்குப் பலகை தேடி அலைந்த வருடம் அது.

பிறகு அவர் அலுமாரியிலிருந்து ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையை எடுத்துக் காட்டினார். விண்வெளியில் சுற்றிக்கொண்டே சூரியனின் ஒளியைப் பிரித்து அளக்கும் ஒரு கருவியின் படம். அங்கேயும் இதே தொல்லைதானாம். சூரியனைப் பார்த்துப் பார்த்தே கருவியின் கண் மங்கிவிடுமாம். எவ்வளவு மங்கியது என்று கண்டுபிடிக்க வருடக்கணக்காகுமாம். கண்டுபிடித்த பிறகுதான் அளவுகளைத் திருத்தி உலகத்துக்கு வெளியிடுவார்களாம். அதுவரை பொறுமையாக இருப்பார்களாம்.

"அங்க யாரும் டாங்கி தூக்கல ஐயா" என்றேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. அதற்காக எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, சொல்லவேண்டியதைத்தான் சொன்னேன். ஆனால் அவர் அந்த வாரமே, கண்ணாடி பழுது, வெயில் அளவு குறைவாக இருக்கலாம் என்று தோட்டங்களுக்கு எழுதினார். எந்தத் தோட்டமும் கணக்கில் எடுக்கவில்லை. அடித்துவிட்டால் பயமில்லை என்று நினைத்தார்கள். பயம் துரைமாருக்கு, இருமல் எங்களுக்கு.

மருந்தை விட்டுவிடச் சொல்லி அண்ணனிடம் கெஞ்சினேன். "விட்டுட்டு? நாள் முழுக்க மலையில கெடந்தா மரக்கறித் தோட்டத்த யாரு கொத்துறது? இருமல்தானே, போயிரும்" என்றார். தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு சிவப்புத் தண்ணீரைக் கொடுத்தார்கள். அதைக் குடித்துக்கொண்டே இன்னும் சில மழைக்காலம் மருந்தடித்தார். லயத்துப் படியேறி வருவதற்குள் இரண்டு இடத்தில் நிற்க ஆரம்பித்தார்.

ஆட்சி மாறியது. கப்பல்கள் வந்தன. கடைசியில் வைக்கோல் அடைத்த ஒரு பெட்டியில் எங்கள் உருண்டையும் வந்தது. இன்னொரு தூண் கட்டி இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தோம். மாதக்கணக்காக இரண்டு அட்டைகளையும் அளந்தேன். எந்த மாதத்தில், எந்த வேளையில், பழையது எவ்வளவு தவறவிட்டது என்று அதிகாரி கணக்குப் போட்டார். அவர் போட்டதை நான் சரிபார்த்தேன். பிறகு பழுதான காலத்து அளவுகள் அத்தனையையும் திருத்தி, ரோனியோவில் படியெடுத்து, எல்லாத் தோட்டங்களுக்கும் அனுப்பினோம். முன்னர் அனுப்பிய அளவுகளுக்குப் பதிலாக இவற்றை ஏற்றுக்கொள்ளவும் என்று மேலே ஒரு வரி. அந்த வருடங்களில் எங்கள் மலைகளில் அடித்த மருந்தில் பாதிக்குமேல் அடித்திருக்கத் தேவையே இல்லை என்பது அந்தத் தாளைப் படிக்கத் தெரிந்த எவருக்கும் விளங்கும். யாரும் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்கு மட்டும் சந்தோஷம். இனிமேல் அளவு சரியாகப் போகும், மருந்து குறையும், அண்ணன் நெஞ்சு கொஞ்சம் ஆறும் என்று நம்பினேன். மருந்து குறைந்தது உண்மைதான். மருந்து குறைந்தால் மருந்துக்காரர்களும் குறைவார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை. பெரட்டில் பாதிப்பேரை நிறுத்தினார்கள். இருமுகிறவரை முதலில் நிறுத்தினார்கள்.

அண்ணனை மழைத் தண்ணீர் ஓடும் கான் வெட்ட அனுப்பினார்கள். ஆள் இடுப்பளவு கானில் இறங்கி மம்பட்டி போட அவருக்கு மூச்சு இல்லை. அரைப் பேர் விழுந்தது, பிறகு அதுவும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டில் புல் ஏறியது.

நான் நேரே கணக்கப்பிள்ளையிடம் போனேன். கையில் அந்தத் திருத்திய தாள். "இதப் பாருங்க. தேவையில்லாம அடிக்க வச்சித்தான் அவருக்கு இந்த நெலம. லேசான வேலையாவது குடுங்க."

அவர் கெட்ட மனிதர் இல்லை. தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "மருந்து வேணாம்னு ஒங்க தாளுதானே தங்கச்சி சொல்லுது? நீயும் அதத்தானே இவ்வளவு நாளாக் கேட்ட? இப்ப நான் என்னா செய்ய?"

திரும்பி வரும் வழியெல்லாம் வாய்விட்டு ஏசிக்கொண்டே வந்தேன். அவரை, அதிகாரியை, காவல்காரரை, சாம்பலை, ஆண்டவரையும் விடவில்லை.

அண்ணன் கண்ட கடைசி வெயில்காலம் அது. காலையில் அண்ணி ஒரு பலகையை லயத்து வாசலில் போடுவார். சூடு பட்டால் நெஞ்சு கொஞ்சம் இளகும் என்று அண்ணன் அதில் உட்கார்ந்திருப்பார். நிழல் வர வரப் பலகையை நகர்த்திக்கொள்வார். முன்பெல்லாம் என் வேலையைப்பற்றி அவர் ஒன்றும் கேட்டதில்லை. ஒரு மாலை நான் படியேறி வந்தபோது கேட்டார்.

"இன்னைக்கி எவ்வளவு புள்ள?"

"எட்டு மணி நேரத்துக்குக் கிட்டண்ணே."

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு தலையாட்டினார்.

"சரியாத்தான் காட்டுது. அம்புட்டு நேரமும் நான் இங்கதான் ஒக்காந்திருந்தேன்."