பால்கனி பார்க்க வந்தவர்கள்

இன்று எங்கள் ஸ்டுட்கார்ட் வீட்டு மாடியை வாடகைக்குப் பார்க்க ஓர் இளம் ஜோடி வந்தது. முதுகில் ஆளுக்கொரு பெரிய பை.

வாடகையைக் கேட்கவில்லை. ஹீட்டரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் பால்கனிக்குப் போய், "அதோ, அது என்ன கோபுரம்?" என்றார்கள்.

என் மனைவி வத்சலா காதருகே வந்து, "ஏங்க, இதுங்க வீடு பார்க்க வரல. ஊர் பார்க்க வந்திருக்குங்க" என்றாள்.

அவளுக்கா தெரியாது?

எழுபதுகளில், இங்கே படிப்பை முடித்த கையோடு, நாங்கள் இருவரும் புவெனஸ் அயர்ஸில் மூன்று மாதம் தங்கினோம். டிக்கெட் வாங்கி ஊர் சுற்றக் கட்டுப்படியாகவில்லை. அதனால் 'வாடகைக்கு' என்று போர்டு தொங்கிய மாடி வீடுகளாகப் பார்த்து ஏறினோம். ஒவ்வொரு பால்கனியிலும் ஊரின் ஒரு பக்கம் தெரிந்தது. பல வீடுகளில் காபியும் கிடைத்தது. ஸ்பானிஷில் நாங்கள் பிசகில்லாமல் பேசிய ஒரே வாக்கியம், "யோசித்துச் சொல்கிறோம்."

வத்சலா இன்று காபி போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு, "யோசித்துச் சொல்கிறோம்" என்று கிளம்பினார்கள்.

அன்று ஏழாவது மாடியில் கேக்கும் கொடுத்த அம்மா இதைப் படித்தால்: நாங்கள் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.