நார்த்தங்காய்த் தோல் ஊறிய ரம்

வரதன் எட்டு வருடம் பயணக் கப்பலில் பார்மேனாக இருந்தவன். அட்டையில் எழுதிக் கொடுத்தபடியே காக்டெயில் கலப்பான். ஒரு துளி கூட்டவோ குறைக்கவோ அனுமதி இல்லை. கொரோனாவில் கப்பல் நின்றது, ஊர் திரும்பினான். இப்போது மாமல்லபுரத்தில் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறான்.

கார் ஓட்டுவது பிடித்துத்தான் இருந்தது. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. சவாரி இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் ரம், எலுமிச்சை, சோடா கலந்து பார்ப்பான். ஏதோ குறையும். குறைவது பிட்டர்ஸ் என்று அவனுக்குத் தெரியும். கசப்பும் வாசனையும் இறங்கிய சாறு அது. ஒரு கிளாஸுக்கு நாலு சொட்டு போதும். கப்பலில் குட்டிச் சீசாக்களில் வரும். இங்கே எங்கே போய்த் தேடுவது?

தானே செய்துவிடுவது என்று இறங்கினான். முதலில் பாகற்காயை ரம்மில் ஊறப்போட்டான். மனைவி கண்ணகி மூடியைத் திறந்து முகர்ந்தாள்.

"இன்னாங்க இது, மாட்டு வைத்தியமா?"

அடுத்தது கிராம்பு தூக்கலாகி, பல்வலித் தைலம் போல ஆயிற்று. மூன்றாம் முறை கண்ணகியே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் குடிப்பவள் இல்லை. ஆனால் குழம்பு கொதிக்கிற வாசனையிலேயே உப்பு குறைவதைச் சொல்லிவிடுகிறவள். நார்த்தங்காய்த் தோல், கொஞ்சம் சுக்கு, இரண்டே கிராம்பு, ஒரு சிட்டிகை நிலவேம்பு என்று அவள்தான் அளவு சொன்னாள். பதினைந்து நாள் ஊறியதைத் துணியில் வடிகட்டி, சொட்டு மருந்துச் சீசாவில் அடைத்தார்கள்.

அந்த ஞாயிறு மத்தியானம் கண்ணகியின் அண்ணன் தமிழ்வாணன் படூரிலிருந்து பஸ் பிடித்து வந்தார். ரம் என்றால் கோலாதான் என்று அடித்துச் சொல்கிறவர்; கையோடு ஒரு பெரிய பாட்டில் கோலாவும் கொண்டுவந்திருந்தார்.

"இன்னா மச்சான், கண்ணுக்கு வுடுற மருந்த எடுத்து வச்சிக்கினு கீற?"

வரதன் ஐஸ் எடுக்கப் பிரிட்ஜைத் திறந்தான். காலையிலிருந்து கரண்டு இல்லை. ஐஸெல்லாம் தண்ணீராகிக் கிடந்தது. அவன் முகம் விழுந்துவிட்டது.

"ஐஸு போனா இன்னாங்க? நுங்கு கீதே!" என்றாள் கண்ணகி. மண்பானைத் தண்ணீரில் போட்டு வைத்திருந்த நுங்குகளை எடுத்துத் தோலுரித்து, மசித்துக் கொடுத்தாள்.

எந்த அட்டையிலும் இல்லாத சங்கதி இது. வரதன் மசித்த நுங்கின்மேல் எலுமிச்சை பிழிந்து, ரம் ஊற்றி, சோடா விட்டு, கடைசியில் நாலு சொட்டு பிட்டர்ஸ் போட்டு நீட்டினான். தமிழ்வாணன் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். கிளாஸைக் கீழே வைத்தார்.

"மச்சான்," என்றார் கடைசியில், "அந்த கோலாவ எட்த்துனு போயி பக்கத்து வூட்டுப் பசங்களுக்குக் குட்த்துடு."

வரதன் சிரித்தான். கப்பலில் எத்தனையோ ஆயிரம் பேருக்குக் கலந்து கொடுத்திருக்கிறான். அத்தனையும் யாரோ எழுதிய கணக்கு. இது அவன் சரக்கு. அதைச் சொன்னபோது, ரம் இல்லாத நுங்கு சோடாவை ரசித்துக் குடித்துக்கொண்டிருந்த கண்ணகி நிமிர்ந்தாள்.

"உங்க சரக்கா? அப்ப மூக்கு யாருது?"

"சரி, நம்ம சரக்கு."

அடுத்த வாரம் செங்கல்பட்டுக்குச் சவாரி போனவன், நாட்டு மருந்துக் கடையில் நன்னாரி வேர் கேட்டான். வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கடைக்காரர் விசாரித்தார்.

"எல்லாரும் நல்லாத்தான் கீறோம்ணா," என்றான் வரதன். "நூறு கிராம் போடுங்க."