ஜெபத்துக்கு முன் தொடாத சுவிட்ச்

கானா நாட்டின் குமாசி நகரில் மரவேலைக் கொட்டகைகள் நெருக்கியடித்து நிற்கும் பகுதியில் ஃபொசுவாவைத் தெரியாதவர்கள் குறைவு. அவள் தச்சு வேலைக்கென்று அங்கே வந்தவள் அல்ல. கோழிப்பண்ணைகளுக்கு விற்க மரத்தூள் அள்ள வந்தாள். தூளோடு துண்டுக் கட்டைகளையும் அள்ளினாள். கட்டைகள் முக்காலிகளாயின, முக்காலிகளுக்குப் பிறகு கதவுகள், கதவுகளுக்குப் பிறகு சொந்தக் கொட்டகை.

பெரிய இழைப்பு மெஷின் மட்டும் அவளிடம் இல்லை. அது எதிர்க் கொட்டகை அம்பொன்சாவிடம் இருந்தது. பலகை இழைக்க அவர் வாசலில்தான் போய் நிற்க வேண்டும். அவர் தன் பலகைகளை முடித்து, ஃபுஃபுக் களி சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு, "தூள்காரி, கொண்டு வா" என்பார்.

அந்த வருடம் பாஸ்டர் ஒஃபோரி புதிய தேவாலயத்தின் பெஞ்சு வேலை முழுவதையும் ஒரே ஆளிடம் கொடுக்கப்போவதாகச் சொன்னார். சொந்த மெஷின் இருப்பவருக்குத்தான் என்றும் சொன்னார். வேலை அம்பொன்சாவுக்குப் போய்விடும் என்று எல்லோரும் நினைத்திருக்க, ஃபொசுவா துறைமுகத்தில் வந்திறங்கிய பழைய மெஷின் ஒன்றை வாங்கி லாரியில் ஏற்றிவிட்டாள்.

மெஷினை இறக்கிய பிறகுதான் கரண்டைப் பற்றி யோசித்தாள். அவளுடைய சின்ன ரம்பம் ஓடினாலே பல்புகள் மங்கும், பக்கத்துக் கொட்டகை ரேடியோ முனகும். எலக்ட்ரீசியன் இசிஃபு வந்து கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"மேடம், இது வயரா, துணி காயப்போடுற கொடியா?"

"ரெண்டும்தான் மாஸ்டர்."

இசிஃபு பழைய வயர்களை ஒன்று விடாமல் பிடுங்கினார். கம்பத்திலிருந்து மும்முனை இணைப்பு வாங்கி, கட்டைவிரல் தடிமனில் கேபிள் இழுத்தார். விளக்குகளுக்குத் தனி லைன், மெஷினுக்குத் தனி லைன். கொட்டகைக்குப் பின்னால் எர்த்துக்குக் குழி தோண்டினார். வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"சும்மா ஒரு சுத்து விட்டுப் பார்த்துக்கிறேன்."

"கூடவே கூடாது. சனிக்கிழமை பாஸ்டர் ஜெபம் பண்ணணும். அதுக்கு முன்னாடி யாரும் சுவிட்ச்சைத் தொடக்கூடாது."

"எந்தப் பக்கம் சுத்துதுன்னாவது பாக்கணுமே?"

"எந்தப் பக்கம் சுத்தணும்னு ஆண்டவருக்குத் தெரியும்."

"அவருக்குத் தெரியும் மேடம். எனக்குத் தெரியாதே."

ஃபொசுவா மசியவில்லை. அங்கே புது மெஷினை ஜெபத்துக்கு முன் ஓட்டுவது, விருந்தாளி உட்காருவதற்குள் சோற்றில் கை வைப்பது மாதிரி. நம்புகிறவர்கள் சோதித்துப் பார்ப்பதை அவநம்பிக்கை என்று நினைத்துவிடுகிறார்கள். சோதிப்பதும் ஒருவகை அக்கறைதான் என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

சனிக்கிழமை கொட்டகை நிறையக் கூட்டம். பாஸ்டர் மெஷின் மேல் ஜெப எண்ணெய் தொட்டு வைத்தார், நீளமாக ஜெபித்தார், பச்சைப் பொத்தானை அழுத்தினார். மெஷின் உறுமியது. ஒரு பல்பும் மங்கவில்லை. கைதட்டலுக்கு நடுவே ஃபொசுவா பலகையை உள்ளே தள்ளினாள். பலகை மெதுவாக அவளிடமே திரும்பி வந்தது. மறுபடி தள்ளினாள். மறுபடியும் வந்தது.

அம்பொன்சா தொடையைத் தட்டிச் சிரித்தார். "காணிக்கை பிடிக்கலியாம்!"

யாரோ மெஷினை நிறுத்தினார்கள். கூட்டம் முணுமுணுத்தது. பாஸ்டரின் முகம் இறுகியது. கைகளை உயர்த்தி, "இந்த மகளின் உயர்வைப் பொறுக்காத கை எதுவோ, அந்தக் கை..." என்று தொடங்கினார். எல்லாத் தலைகளும் அம்பொன்சா பக்கம் திரும்பின. அவர் சிரிப்பு பாதியில் நின்றது. கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

ஃபொசுவாவுக்கு அது இனித்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பழி எதிர்க் கொட்டகைக்குப் போகும், பெஞ்சுகள் இங்கே வரும். ஒரு மூச்சு நேரம் அந்த இனிப்பை வைத்திருந்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள்.

"பாஸ்டர், நிறுத்துங்க. யார் கையும் இல்ல. என் வாய்தான். மாஸ்டர் ஓட்டிப் பாக்கறேன்னார், நான் விடல."

இசிஃபு மெயின் சுவிட்ச்சை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்து, மூன்று வயர்களில் இரண்டை இடம் மாற்றி முடுக்கினார்.

"வரிசை மாறிப்போனா மோட்டார் பின்னாடி சுத்தும். அவ்வளவுதான்."

"மறுபடியும் ஜெபிக்கணுமா?" என்று கேட்டார் பாஸ்டர்.

"வேண்டாம் பாஸ்டர். போன தடவை பண்ணினதே உள்ள இருக்கு" என்றார் இசிஃபு.

பாஸ்டரே முதலில் சிரித்தார். பொத்தானை அழுத்தினார்கள். பலகை இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் பளபளவென்று வந்தது. அம்பொன்சா ஓடிப்போய் அதை ஏந்திக்கொண்டு, நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "பரவாயில்ல," என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

பாஸ்டர் அந்தப் பலகையை இரண்டு முக்காலிகள் மேல் போடச் சொல்லி, அங்கியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். முன்னும் பின்னும் அசைந்து பார்த்தார்.

"சாய்மானம் எவ்வளவு உயரம் வைப்ப?"

வேலை தனக்குத்தான் என்று ஃபொசுவாவுக்குப் புரிந்தது.

"உங்க பிரசங்கத்துல யாரும் தூங்க முடியாத உயரம், பாஸ்டர்."