மூடியில் ஆறு துளை

எங்கள் குசினியில், அடுப்பு மூலையில் ஒரு பச்சை வாளி இருக்கிறது. அதன் மூடியில் கம்பியைக் காய்ச்சிச் சுட்டுப் போட்ட ஆறு துளைகள். ஒன்றுகூட வட்டமாக இல்லை. துணுக்காய்ப் பக்கம் வீடு வீடாக மீன் விற்ற அக்கா, உள்ளே கிடக்கும் விராலுக்கு மூச்சு முட்டக்கூடாதென்று தன் கையால் போட்டவை. நெருப்புக்காய்ச்சல் வருத்தத்தில் கிடந்து நான் தேறிய நாட்களில், உடம்பு தேற நல்லதென்று அந்த வாளியில்தான் உயிர் விரால் கொண்டுவந்து தந்தார்.

அப்போது நான் குளங்களில் மீன்குஞ்சு விடும் வேலைக்குப் புதிது. பொரிப்பு நிலையத்திலிருந்து காற்றடைத்த பைகளில் ரோகுக் குஞ்சுகள் வரும். குளத்திலேயே பிறந்து வளர்ந்த விரால் அவற்றை விழுங்கிவிடும் என்று, தண்ணீர் வற்றும் காலம் பார்த்து விராலை முழுதாகப் பிடிக்கச் சொன்னவன் நான்தான். மேலிடத்து உத்தரவு எதுவும் இல்லை, என்னுடைய கெட்டித்தனம். மூன்று வருடம் அப்படிப் பிடித்தோம். கரையில் நின்ற அக்கா மட்டும், "எல்லாத்தையும் வழிச்செடுக்காதேங்கோ தம்பி. பிறகு வருத்தக்காரருக்கு என்னத்தைக் குடுக்கிறது?" என்று கேட்டார். "ஆஸ்பத்திரி இருக்குதானே அக்கா" என்று பகிடி விட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ரோகு நன்றாகப் பெருத்தது, வலைகாரரின் வீடுகளில் அடுப்பும் நன்றாகவே எரிந்தது. அதை மறுக்க மாட்டேன்.

போன வருடம் அக்காவுக்குப் புற்றுநோய். வவுனியாவில் மருந்தேற்றிவிட்டு வந்தபின் சோறு இறங்கவில்லை. நான் பார்க்கப் போனபோது மகளிடம், "ஒரு விரால் சோதி எண்டா ரெண்டு வாய் திண்டிடுவன்" என்றார். அவருடைய வாளியை நான் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நான்கு நாள் குளம் குளமாக அலைந்தேன். ஸ்கந்தபுரம் வரைக்கும் போனேன். எல்லா வலையிலும் நான் விட்ட மீன்தான் கிடந்தது.

ஐந்தாம் நாள் ஒரு ரோகுவை வாங்கி, முள் பார்த்து எடுத்து, மனைவியைக் கொண்டு தேங்காய்ப்பால் விட்டுச் சோதி வைப்பித்து, விரால் என்று பொய் சொல்லிக் கொண்டுபோனேன். விரால் சதையில் சின்ன முள் இருக்காது. ரோகுவில் எவ்வளவு எடுத்தாலும் மிஞ்சும். மூன்றாவது வாயில் அக்கா மெல்லுவதை நிறுத்தினார். நாக்கு நுனியில் வந்த முள்ளை எடுத்து, மகள் காணாமல் துவாய்க்குள் மறைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "நல்ல விரால் தம்பி. தேடி அலைஞ்சிருப்பியள்" என்றார். மிச்சத்தையும் குடித்தார். அன்றைக்கு என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். பத்து நாளில் போய்விட்டார். வாளி என்னிடமே நின்றுவிட்டது.

போன மாதம் குஞ்சு விடப் போன குளத்தில், வலைக்குள் ஒரு விரால் கிடந்தது. அதை வாங்கி வாளியில் போட்டு மோட்டார் சைக்கிளில் கட்டினேன். வழி நெடுக மூடியில் முட்டிக்கொண்டே வந்தது. அக்கா இல்லை என்பது அவருடைய ஒழுங்கையில் திரும்பும்போதும் எனக்குத் தெரியும். ஆனாலும் திரும்பினேன். சத்தம் கேட்டு மகள் படலையடிக்கு வந்தாள். வாளியை அடையாளம் கண்டு, துளைகளுக்குள்ளால் எட்டிப் பார்த்தாள்.

"விராலே மாமா? ஆருக்கு வருத்தம்?" என்று கேட்டாள்.